சீனி போடாத தேத்தண்ணி

வவுனியா
யூலை 28

அன்புத் தம்பி கதிர்காமநாதனுக்கு,

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீரும் பிள்ளைகளும் இந்த வெயிலுக்குள் எப்படி இருக்கிறீர்கள்? லக்ஷனுக்குத் தொண்டை நோ மாறிவிட்டதா?

நேரே விசயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளை இங்கே அனுப்பும் என்று கேட்டேன். "பாப்பம் மச்சாள்" என்றீர். உம்முடைய "பாப்பம்" என்றால் "இல்லை" என்றுதான் அர்த்தம் என்று தங்கச்சி விமலா எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறாள். சரி, அனுப்ப வேண்டாம். ஆனால் லக்ஷன் மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இன்னும் கழித்தல் கணக்குக்கு விரலை மடிக்கிறான். கஜனி ஆங்கிலப் புத்தகத்தை விரிப்பதே இல்லை. ஒரு மாதம் சும்மா விட்டால் தெரிந்ததும் மறந்து போகும்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்வோம். அவர்கள் வீட்டிலேயே படிக்கட்டும். நான் வாரா வாரம் பயிற்சித்தாள்களை யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். நீர் பரந்தன் சந்தியில் நின்று வாங்கும். பிள்ளைகள் செய்து முடித்ததை அதே பஸ்ஸில் சனிக்கிழமை எனக்குக் கொடுத்துவிடும். திருத்தி அனுப்புவேன். போனை அலுமாரிக்குள் பூட்டி வையும். லக்ஷன் அதற்குள்ளேயே குடியிருக்கிறான். எனக்குச் சொல்ல இருப்பதையும் எழுதியே அனுப்பும். போன் எடுத்தாலும் நாங்கள் இரண்டு பேரும் "பிறகு?", "பிறகென்ன" என்று சொல்லிவிட்டு வைப்பதுதானே நடக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். விமலாவின் செத்தவீட்டில், "பிள்ளையளை என்னட்டைத் தாரும்" என்று எல்லாருக்கும் முன்னால் நான் கேட்டதை நீர் மறந்திருக்க மாட்டீர். மூன்று வருடமாக அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இந்த விடுமுறையில் வீட்டில் படிப்பு நடந்தால் இனியும் திறக்க மாட்டேன். நடக்காவிட்டால் ஜனவரியில் இரண்டு பேரையும் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன். முன்னறை சும்மாதான் கிடக்கிறது.

முதல் கட்டும் நேரசூசியும் இத்துடன் வருகின்றன. மதியம் வெயிலில் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போகாதேயும்.

இப்படிக்கு,
மச்சாள் தாட்சாயினி


முரசுமோட்டை
ஆகஸ்ட் 4

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? பள்ளிக்கூடப் படி ஏறி இறங்காத இந்த நாட்களிலாவது அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். நாங்கள் மூன்று பேரும் சுகம். லக்ஷனுக்குத் தொண்டை மாறிவிட்டது. மாறிய தொண்டையை இப்போது கத்துவதற்குப் பாவிக்கிறான்.

நேரசூசியைக் கஜனி குசினிச் சுவரில் ஒட்டினாள். முதல் நாள் எட்டு மணிக்கு இரண்டு பேரையும் மேசையில் இருத்தி, சோதனை மண்டபத்தில் நிற்கிற மேற்பார்வையாளர் மாதிரி நானும் முன்னால் இருந்தேன். அதற்கு முந்தின இரவு அறுவடை மெசினுக்காக வயலில் காவல் இருந்த அலுப்பு. கண் மூடியது தெரியாது. முழித்துப் பார்த்தால் இரண்டு பேரையும் காணவில்லை. என் கையில் பேனையால் ஒரு மணிக்கூடு கீறியிருந்தது. அதிலும் எட்டு மணிதான்.

அடுத்த நாள் நான் கதிரையில் இருக்காமல் நின்றேன். அதற்கடுத்த நாள் நெல் வெட்டு. நீங்கள் வேண்டாம் என்றதைத்தான் செய்தேன், மன்னிக்க வேண்டும். வீட்டில் தனியே விட்டுப் போக மனமில்லாமல் தாள்களோடு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காற்று இரண்டு தாளைத் தூக்கி வாய்க்காலுக்குள் போட்டது. லக்ஷன் குதித்து எடுத்தான். வரம்பில் காயவைத்து எழுதினார்கள். ஆகவே சேறு பட்டிருக்கும். ஆனால் விடைகள் பிள்ளைகளுடையவைதான். பிழைகளைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கும்.

உண்மையைச் சொன்னால், பின்னேரத்தில் மூன்று பேரும் ஒரு மேசையில் இருக்கும்போது எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. இவ்வளவு நாளும் ஆளுக்கொரு மூலையில்தான் கிடந்தோம். ஜனவரிக் கதையை மட்டும் இனி எழுதாதேங்கோ, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

புது அரிசி கொஞ்சம் கட்டிவிட்டிருக்கிறேன். சமைத்துச் சாப்பிடுங்கள். பாணோடு இரவை முடிக்க வேண்டாம்.

அன்புடன்,
கதிர்காமநாதன்


வவுனியா
ஆகஸ்ட் 10

அன்புத் தம்பிக்கு,

அரிசி கிடைத்தது. நான் பாண் சாப்பிடுகிறேன் என்று உமக்கு யார் சொன்னது? பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்தீரா? உமது உடம்பையும் பாரும். இரவில் காவல், பகலில் வாத்தியார் வேலை என்றால் ஆள் விழுந்துவிடுவீர்.

தாள்களைத் திருத்தி வைத்திருக்கிறேன். லக்ஷன் கூட்டலில் பரவாயில்லை. கழித்தலில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று யாராவது அவனுக்கு ஒரு தரம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். கஜனி ஆங்கிலத்தில் எல்லா விடைக்கும் முதலாவதையே தெரிந்தெடுத்திருக்கிறாள். இது படிப்பு இல்லை, அதிஷ்டலாபச் சீட்டு.

இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு வைத்துவிட்டார்கள். காலையில் நின்று மூச்சு விட நேரமில்லை. அலுமாரியில் கிடந்த பழைய மூன்றாம் வகுப்புத் தாள்களை அப்படியே போட்டோக்கொப்பி எடுத்து அனுப்புகிறேன். எல்லாம் வழமையான கேள்விகள்தான்.

வகுப்பு மதியத்தோடு முடிந்துவிடும். அதன்பிறகு வீடு. பள்ளிக்கூட மணி அடிக்காத நாளில் சாப்பிட வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோகிறது. அதை விடும். போனைப் பூட்டித்தானே வைத்திருக்கிறீர்?

இப்படிக்கு,
தாட்சாயினி


முரசுமோட்டை
ஆகஸ்ட் 19

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்.

சனிக்கிழமை பஸ்ஸைத் தவறவிட்டேன். அதனால்தான் பிந்தியது. தாள்கள் எல்லாம் முடிந்து இத்துடன் வருகின்றன. லக்ஷனுக்கு இப்போது எழுதுவதில் ஆர்வம் கூடிவிட்டது. கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கும். வேகமாக எழுதுகிறான், அதுதான்.

வயலில் வேலை முடிந்தது. வேறு புதினம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
கதிர்காமநாதன்


வவுனியா
ஆகஸ்ட் 23

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கட்டையாக வந்ததால் கேட்கிறேன், அங்கே யாருக்கும் சுகமில்லையோ? இருந்தால் மறைக்காமல் எழுதும். எனக்கு முழங்கால் பழையபடிதான்.

லக்ஷனின் தாளில் கடைசிக் கேள்விக்கு "என் அம்மா" என்று ஒரு கட்டுரை இருந்தது. அவன் எழுதியதில் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன். "என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் கதைக்க மாட்டா. கதைக்காமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பா. அதில் சீனி இருக்காது. குடித்த பிறகுதான் பிழை எங்கள் பக்கம் என்று தெரியும். கோபம் ஆறியதும் அடுத்த தேத்தண்ணியில் சீனி கூடிப்போகும்."

திருப்பித் திருப்பி வாசித்தேன். அவள் போகும்போது அவனுக்கு ஐந்து வயது. அந்த வயதில் அவனுக்குப் பால் மட்டும்தான் கொடுப்பாள், தேத்தண்ணியைக் கண்ணிலும் காட்ட மாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். சரி, பிள்ளைகளின் ஞாபகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்.

கட்டுரைக்குப் புள்ளி போடவில்லை. நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதியவரிடம் சொல்லும். இதையும் சொல்லும்: சின்ன வயதில் அவள் என்னோடு கோபித்தால் என் செருப்பில் ஒன்றை ஒளித்துவைப்பாள். ஒரு நாள் நான் ஒற்றைச் செருப்போடு பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
தாட்சாயினி


முரசுமோட்டை
ஆகஸ்ட் 26

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டுகிறேன். நான் கஜனி எழுதுகிறேன். பஸ்ஸில் கொடுத்தால் அப்பா கண்டுவிடுவார் என்று இதைத் தபால்பெட்டியில் போடுகிறேன். நான் எழுதியதாக அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

பெரியம்மா, தம்பியின் தாள்களைத் தம்பி செய்யவில்லை. அப்பாதான் செய்கிறார். என்னுடையதை நான்தான் செய்கிறேன், சத்தியமாக.

முதல் வந்த தாள்களைத் தம்பியும் செய்தான். இரண்டாவது கட்டில் "என் அம்மா என்னும் தலைப்பில் பத்து வசனங்கள் எழுதுக" என்று இருந்தது. அவன் அதை வாசித்துவிட்டுப் பேனையை வைத்தான். "இல்லாத ஆக்களைப் பற்றி என்னெண்டு எழுதுறது?" என்று அப்பாவைக் கேட்டான். தம்பி எழும்பிப் போய் தண்ணி மோட்டர் அறைக்குள் இருந்துவிட்டான். சாப்பிடவும் வரவில்லை. அப்பா போய்த் தூக்கிக்கொண்டு வந்து, "விடு, நான் பெரியம்மாட்டைச் சொல்லுறன்" என்றார்.

ஆனால் அப்பா உங்களுக்குச் சொல்லவில்லை. காலையில் நான் எழும்பிப் பார்த்தபோது இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "வெறுந்தாள் போனா பெரியம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு போயிடுவா" என்றார். அன்றிலிருந்து தம்பி மேசைக்கே வருவதில்லை. தாளைக் கண்டால் ஓடுகிறான். அப்பாவுக்கு வகுத்தல் மறந்துபோய்விட்டது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் சிவப்புப் பேனையால் போட்ட பிழை எல்லாம் அப்பாவுக்குத்தான் விழுந்தது.

கோபிக்காதேங்கோ. எனக்கு உங்களிடம் வர விருப்பம் இல்லை என்று இல்லை. உங்கள் வீட்டில் மின்விசிறி இருக்கிறது, எனக்குப் பிடிக்கும். ஆனால் நாங்கள் இல்லாவிட்டால் அப்பா தனக்கென்று சமைக்க மாட்டார்.

இப்படிக்கு,
அன்பு மகள் கஜனி


வவுனியா
செப்டெம்பர் 1

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? நாளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. லக்ஷனுக்கு வெள்ளைச் சேட் கட்டையாகிப்போயிருக்கும், இரண்டு அனுப்புகிறேன். கஜனிக்கு ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம் இருக்கிறது. அவள் சொன்னபடியே செய்கிறேன் என்று அவளிடம் சொல்லும். அவளுக்கு விளங்கும்.

இந்த முறை லக்ஷனுக்குக் கணக்கு இல்லை. ஒரேயொரு கட்டுரைதான். தலைப்பு, "எங்கள் வீட்டில் பின்னேரம்". பள்ளிக்கூடம் தொடங்கினாலும் ஆறுதலாக எழுதி அனுப்பட்டும். எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன், சிவப்புப் பேனையும் எடுக்க மாட்டேன். மனதில் உள்ளதை எழுதினால் போதும்.

பழைய தாள்களை இனி அனுப்ப மாட்டேன். நீரும் நேரத்துக்குச் சாப்பிடும்.

இப்படிக்கு,
தாட்சாயினி


முரசுமோட்டை
செப்டெம்பர் 15

அன்புள்ள மச்சாளுக்கு,

சேட் அளவாக இருக்கிறது. உங்களுக்கு எங்கள் மூவரின் நன்றி. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நீங்கள் வேலைக்குப் போய்வருவது சிரமம் இல்லாமல் இருக்கிறதா?

லக்ஷன் கட்டுரையை எழுதி முடிக்க இவ்வளவு நாள் எடுத்துவிட்டான். அவனுடைய தாளில் எண்ணெய் கொட்டிவிட்டதால் அதை இதிலேயே பார்த்து எழுதுகிறேன்.

"எங்கள் வீட்டில் பின்னேரம். பின்னேரம் அப்பா வயலால் வருவார். படலையில் நின்று சைக்கிள் மணி அடிப்பார். முந்தி மணி அடித்தால் குசினிக்குள் இருந்து 'வாறன்' என்று சத்தம் வரும். இப்போது வராது. வராது என்று தெரிந்தும் அப்பா அடிப்பார், கை பழகிவிட்டது. எங்கள் மேசைக்கு நான்கு கதிரைகள் இருக்கின்றன. ஒன்றில் அப்பா தோய்த்துக் காய்ந்த உடுப்பைக் குவித்து வைப்பார். மடித்து வைக்க நேரமில்லை என்று சொல்லுவார். அது பொய். கதிரை வெறுமையாக இருந்தால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. பெரியம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனால் அப்பாவுக்கு மூன்று கதிரைக்கு உடுப்பு வேண்டும். அப்பாவிடம் அவ்வளவு உடுப்பு இல்லை."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறான். சின்னப் பிள்ளை, கண்டதையும் எழுதுவான். பெரிதாக எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
கதிர்காமநாதன்


வவுனியா
ஒக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

உடம்பைக் கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். இன்றைக்கு மனதைக் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்?

உடுப்புக் காணாது என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்த சத்தம் வீட்டுக்குள் எனக்கே புதிதாக இருந்தது. பிறகு நெடுநேரம் அழுதேன். தம்பி, எழுதுவது நீர்தான் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணியிலேயே பிடிபட்டுவிட்டீர். சீனி போடாத தேத்தண்ணி புருசனுக்குத்தான் வரும், பிள்ளைக்கு வராது. யார் மேலும் சந்தேகப்படாதேயும், உம்முடைய கட்டுரையே உம்மைக் காட்டிக்கொடுத்தது.

இதில் முதல் பிழை என்னுடையது. "என் அம்மா" என்ற தலைப்பை எத்தனையோ வருடமாக எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்த கை. தாளைப் பார்க்காமலே போட்டோக்கொப்பி எடுத்தது அந்தக் கைதான். வகுப்பில் தாயில்லாத பிள்ளை இருந்தால் அந்தக் கேள்வியை விடு என்று புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என்னுடைய தங்கச்சியின் பிள்ளைக்கு அதை அனுப்பியிருக்கிறேன். நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. லக்ஷனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்.

தெரிந்த பிறகும் ஏன் இன்னொரு தலைப்புக் கொடுத்தேன் என்று நீர் கேட்கலாம். சனிக்கிழமைகளில் நான் பஸ் நிலையத்துக்கு நேரத்தோடு போய்விடுவேன். கொண்டக்டர் கட்டைத் தூக்கிக் காட்டி, "ரீச்சர், உங்கடை பாரம் வந்திட்டுது" என்பார். என் பெயருக்கு வேறு ஒன்றும் வருவதில்லை. அதை நிற்பாட்ட மனம் வரவில்லை. விமலாவைப் பற்றி என்னோடு கதைக்க உம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? எங்கள் இரண்டு பேருக்கும் நேரே கதைக்க வராது. ஒரு சின்னப் பிள்ளையின் பெயரில் வந்தது.

செத்தவீட்டில் பிள்ளைகளை ஏன் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் படிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் என் முன்னறையில் யாராவது இருமினாலும் போதும் என்று எனக்கு இருக்கிறது, அதுவும் உண்மை. முன்னறையில் இரண்டு சின்ன மேசை வாங்கிப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூட அனுமதிப் படிவமும் இருக்கிறது, நிரப்பவில்லை. வீட்டில் படிப்பு நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். ஆனாலும் நான் போட்ட நிபந்தனையை நானே எடுத்துவிடுகிறேன். ஜனவரிக்கு என்ன செய்வது என்று நீரே சொல்லும். "பாப்பம்" என்று மட்டும் எழுதாதேயும்.

இப்படிக்கு,
அக்கா போல, தாட்சாயினி


வவுனியா
நவம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

மழை தொடங்கிவிட்டது. வீடு ஒழுகாமல் இருக்கிறதா? வாய்க்கால் பக்கம் பிள்ளைகளை விடாதேயும்.

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதும். சனிக்கிழமை போய் நின்றேன். "இந்த முறையும் ஒண்டும் இல்லை ரீச்சர்" என்று கொண்டக்டர் கையை விரித்தார். அவர் ஏதோ தன்னுடைய பிழை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பாவம்.

நான் அப்படி எல்லாவற்றையும் எழுதியிருக்கக் கூடாதோ தெரியவில்லை.

தாட்சாயினி


முரசுமோட்டை
டிசம்பர் 14

அன்புள்ள மச்சாளுக்கு,

முதலில் மன்னிப்பு. பிறகு சுகம். பெருமழையில் வளவுக்குள் தண்ணீர் வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. மூன்று பேருக்கும் தடிமன் வந்து மாறிவிட்டது. நீங்கள் மழைக்குள் பஸ் நிலையத்தில் நின்றதை நினைத்தால் எனக்கு மனம் கேட்கவில்லை.

கோபம் இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்த அன்று, அனுப்பிவிடுவோம் என்றுதான் முடிவெடுத்தேன். நீங்கள் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் நானும் எதிர்த்து நின்றிருப்பேன். நீங்கள் விட்டுவிட்டதும் எனக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போனது. பரணில் இருந்து பெட்டியை இறக்கிக் கஜனியின் உடுப்பை அடுக்கினேன். அவள் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்து வைத்தாள். நான் மறுபடி அடுக்கினேன். அவள் மறுபடி எடுத்தாள். இதை எழுதத் தெரியாமல்தான் இவ்வளவு நாளும் போனது.

கடைசியில் இரண்டு பேரையும் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களை நான் செய்தது லக்ஷனுக்குத் தெரியும். "என் அம்மா" என்ற கட்டுரையையும் நான் அவன் பெயரில் எழுதி அனுப்பியது அவனுக்குத் தெரியாது. வாசித்துக் காட்டு என்றான். நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது என்ரை அம்மாவெல்லே. ஏன் நீங்கள் என்ரை பேரிலை எழுதினனீங்கள்?" என்றான். "எனக்கு அவ தேத்தண்ணி தரேல்லை. பிழையா எழுதியிருக்கிறீங்கள்."

மூன்று வருடமாக அவன் "என்ரை அம்மா" என்று சொல்லி நான் கேட்டதில்லை மச்சாள். போய் மேசையில் இருந்தான். பேனை கேட்டான். விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து எழுதுகிறான், அழிக்கிறான். எனக்குக் காட்டவில்லை. ஒட்டிய உறையோடு தந்தான், அப்படியே இத்துடன் வைத்திருக்கிறேன். கணக்கும் செய்கிறான். நான் செய்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எங்கே பிழைவிட்டேன் என்று அக்காவும் தம்பியும் தேடுகிறார்கள். அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஜனவரியில் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். இது "பாப்பம்" இல்லை. உங்களிடம் இருந்தால் நன்றாகப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இல்லை என்கிறேன். நான் தனிய இருக்கப் பயப்படுகிறேன். அதையே நீங்களும் எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன். நீங்கள் வாங்கிப் போட்ட அந்த இரண்டு மேசைக்கும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தம்பி,
கதிர்காமநாதன்


(ஒட்டிய உறைக்குள் இருந்தது)

என் அம்மா

என் அம்மாவின் பெயர் விமலேஸ்வரி. அவ சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தது அப்பாவுக்கு. எனக்கு இல்லை. அப்பா எழுதியது பிழை.

அம்மா எலிக்காய்ச்சலில் செத்துப்போனா. அப்போது எனக்கு ஐந்து வயது. அம்மாவின் முகம் எனக்குப் படத்தில் இருக்கிற மாதிரித்தான் தெரியும். படத்தில் அவ சிரிக்கவில்லை. அம்மா மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடும்போது குழாயை என் காலுக்குத் திருப்புவா. தண்ணீர் குளிரும். நான் துள்ளுவேன். அம்மா திரும்பவும் விடுவா. இது எனக்கு உண்மையாகத் தெரியும். மற்றதெல்லாம் அக்கா சொன்னது. அதனால் எழுதவில்லை.

பெரியம்மா, கட்டுரை இன்னும் முடியவில்லை. எனக்கு இவ்வளவுதான் தெரியும். அப்பாவைக் கேட்டேன். "மிச்சம் பெரியம்மாட்டைத்தான் இருக்கு. அம்மா சின்னனா இருக்கேக்கை அவதானே கூட இருந்தவ" என்று சொன்னார். நீங்கள் ஒற்றைச் செருப்போடு நின்றபோது அழுதீர்களா? மற்றச் செருப்பை அம்மா எங்கே ஒளித்து வைத்தா?

கடிதத்தில் எழுத வேண்டாம். லீவுக்கு வந்து சொல்லுங்கோ. நான் எழுதுகிறேன். கதிரையில் இருந்த உடுப்பை எல்லாம் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

லக்ஷன்